பாடநெறி வழியாக முறைமைப் பொறியியல் சான்றிதழ்

திருகோணமலையில் இருந்தபடி முறைமைப் பொறியியல் (ஒரு முறைமையின் பகுதிகள் எல்லாம் சேர்ந்து சரியாக இயங்கும்படி திட்டமிடும் துறை, Systems Engineering) சான்றிதழ் எடுக்க நினைக்கும் தம்பி தங்கைகளே, பரீட்சைக்குப் பணம் கட்டுமுன் பாடநெறி வழியையும் பாருங்கள். இந்தச் சான்றிதழ்களை வழங்கும் சர்வதேச அமைப்பான இன்கோசி (INCOSE) சில பல்கலைக்கழகங்களின் பாடங்களைத் தன் அறிவுப் பரீட்சைக்கு நிகராக ஏற்கிறது. பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் எடுக்கும் பாடமும் அதில் இருக்கிறதா, எவ்வளவு புள்ளி கேட்கிறார்கள் என்று சேரும் முன்பே பாருங்கள்.

ஏ.எஸ்.ஈ.பி. (ASEP) என்ற தொடக்கநிலைச் சான்றிதழுக்கு வேலை அனுபவம் தேவையில்லை. அதற்கு அடுத்த நிலையான சி.எஸ்.ஈ.பி.க்குக் (CSEP) குறைந்தது 5 ஆண்டுகள் வேண்டும்.

சரி, படிக்கும்போது எதில் நேரம் போடுவது? தேவைகளை, அதாவது ஒரு முறைமை என்ன செய்யவேண்டும் என்பதை, எழுதிப் பழகுவதில்தான். என்னிடம் கேட்டு வரும் சீனக்குடாப் பிள்ளைகளுக்கு நிலாவெளி விடுதி ஒன்றின் தண்ணீர்ப் பம்பைத்தான் பயிற்சியாகக் கொடுப்பேன். “தண்ணீர் நன்றாக வரவேண்டும்” என்று எழுதினால் யாராலும் சோதிக்க முடியாது. “மேல்மாடிக் குழாயில் நிமிடத்துக்கு 10 லீற்றர் வரவேண்டும்” என்றால் ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் சரிபார்ப்புப் பாடம் பாதி முடிந்த மாதிரி.

2023இல் வந்த இன்கோசி முறைமைப் பொறியியல் கைநூலின் ஐந்தாம் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பாடம் முடிந்த கையோடு பெறுபேற்றுத் தாளை எடுத்து இன்கோசியிடம் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.