அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரின் துணையும் பிள்ளைகளும்: குடியேற்ற விசாவுக்கான வழிகாட்டி

கணவன் மனைவி இருவரில் ஒருவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். மற்றவரும் பிள்ளைகளும் இந்தியக் குடிமக்கள். இதுவரை தமிழ்நாட்டில் வாழ்ந்துவந்த அக்குடும்பம் அமெரிக்காவில் குடியேற முடிவுசெய்திருக்கிறது. இந்நிலையில் உள்ள பலரும் துணையின் விசாவைப் பற்றியே முதலில் விசாரிக்கிறார்கள். ஆனால் முதலில் கணக்கிட வேண்டியது பிள்ளைகளின் வயதை என்பது என் உறுதியான கருத்து. துணையின் மனு தாமதமானால் சில மாதங்கள் வீணாகும், அவ்வளவுதான். பிள்ளைக்கு 18 அல்லது 21 வயது கடந்துவிட்டாலோ, சில வழிகள் நிரந்தரமாகவே அடைபட்டுவிடும்.

அமெரிக்கச் சட்டம் குடிமக்களின் கணவன் அல்லது மனைவியையும், 21 வயது நிரம்பாத, திருமணமாகாத பிள்ளைகளையும் ‘நேரடி உறவினர்’ என்ற பிரிவில் வைத்திருக்கிறது. இப்பிரிவுக்கு ஆண்டு ஒதுக்கீடு கிடையாது என்பதால், மனுவைப் பரிசீலிக்கும் காலம் மட்டுமே காத்திருந்தால் போதும். மற்ற குடும்பப் பிரிவுகளைப் போல ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இந்தச் சலுகையோடு ஒரு கட்டுப்பாடும் சேர்ந்தே வருகிறது. மற்ற பிரிவுகளில் முதன்மை விண்ணப்பதாரருக்காகப் போடப்படும் ஒரே மனுவில் அவருடைய பிள்ளைகளும் உடன் வரலாம். நேரடி உறவினர் பிரிவில் அப்படி வர முடியாது. மனைவிக்கு ஒரு ஐ-130 மனு (உறவினருக்காகக் குடிமகன் அளிக்கும் படிவம்), மூத்த மகளுக்கு ஒன்று, இளைய மகனுக்கு ஒன்று என ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மனுச் செய்ய வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி ஒவ்வொரு மனுவுக்கும் இணையவழியில் 625 டாலர், தாளில் அனுப்பினால் 675 டாலர். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால், செலுத்தும் நாளில் அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றச் சேவை அமைப்பின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு அட்டை) வைத்திருந்தபோதே மனைவிக்கு மனுப் போட்டுவிட்டு, அது நிலுவையில் இருக்கும்போது குடியுரிமை பெறுகிறவர்கள் இந்த விதியை அவசியம் கவனிக்க வேண்டும். கிரீன் கார்டுக்காரரின் மனைவி என்ற பிரிவில் பிள்ளைகள் தாயின் மனுவோடு சேர்ந்திருந்தார்கள். தந்தை குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்றே தாய் நேரடி உறவினராகிவிடுகிறார். பிள்ளைகள் அந்த மனுவிலிருந்து விடுபட்டுவிடுகிறார்கள். தாயின் விசா விரைவில் வந்துவிடும், பிள்ளைகளின் பெயரில் மனுவே இருக்காது. ஆகவே குடியுரிமை கிடைத்த வாரத்திலேயே பிள்ளைகளுக்குத் தனி மனுக்களைச் சமர்ப்பித்துவிட வேண்டும்.

பிள்ளை ஏற்கெனவே அமெரிக்கக் குடிமகனா?

விசாப் படிவத்தைத் தொடுவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும், ஏனெனில் அமெரிக்கக் குடிமகனான பிள்ளைக்குக் குடியேற்ற விசா வழங்கப்படாது. அமெரிக்கப் பாஸ்போர்ட்தான் வழங்கப்படும். முறைப்படி மணந்துகொண்ட தம்பதியில் ஒருவர் மட்டும் அமெரிக்கக் குடிமகனாக இருந்து, பிள்ளை சென்னையிலோ மதுரையிலோ பிறந்திருந்தால், அந்தக் குடிமகன் பிள்ளை பிறப்பதற்கு முன் மொத்தம் 5 ஆண்டுகள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். அவற்றில் 2 ஆண்டுகளாவது அவருடைய 14 வயதுக்குப் பிந்தியவையாக இருக்க வேண்டும். இவை நிறைவேறினால் பிள்ளை பிறக்கும்போதே அமெரிக்கக் குடிமகன். மாணவர் விசாவிலும் ஹெச்-1பி வேலை விசாவிலும் கழித்த நாட்களும் இந்த 5 ஆண்டுக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் பிள்ளை பிறந்த நாளில் தாய் அல்லது தந்தை அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும் என்பதில் விலக்கு இல்லை.

தகுதி இருந்தால், பிள்ளைக்கு 18 வயது நிரம்புவதற்குள் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்பைப் பதிவுசெய்து பாஸ்போர்ட் பெறலாம். இந்தியாவில் பிறந்த குழந்தை அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் முதன்முறையாக நாட்டைவிட்டுச் செல்ல, வெளிநாட்டினர் பதிவு அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ.வின் வெளியேறும் அனுமதி தேவை. விமானச்சீட்டு எடுக்கும் முன்பே இதற்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

தகுதி இல்லாவிட்டால் ஐ-130 மனுவின் வழியே குடியேற்ற விசா பெற வேண்டும். அப்போதும் ஒரு நன்மை உண்டு. 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறையில் உள்ள குழந்தைகள் குடியுரிமைச் சட்டத்தின்படி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை நிரந்தரக் குடியிருப்பாளராக நுழைந்து, குடிமகனான தாய் அல்லது தந்தையின் சட்டப்படியான பாதுகாப்பில் அவரோடு அமெரிக்காவில் வாழத் தொடங்கியதும் தானாகவே குடியுரிமை பெற்றுவிடுகிறது. பெற்ற பிள்ளைக்கும், உரிய விதிகளின்படி தத்தெடுத்த பிள்ளைக்கும் இது பொருந்தும். மாற்றாந்தந்தையோ மாற்றாந்தாயோ மட்டும் குடிமகனாக இருந்தால் பொருந்தாது.

முந்தைய மணத்தில் பிறந்த பிள்ளைகள்

மறுமணம் செய்துகொண்ட குடும்பங்களில்தான் வயதுக் கணக்கு மிகவும் சிக்கலாகிறது. மனைவியின் முதல் மணத்தில் பிறந்த பிள்ளைக்காக அமெரிக்கக் கணவர் மனுச் செய்யலாம். ஆனால் அவர்களுடைய திருமணம் பிள்ளைக்கு 18 வயது நிரம்புவதற்கு முன் நடந்திருக்க வேண்டும். மனுவின் தேதி எதுவானாலும் திருமணத் தேதியை வைத்தே இது முடிவாகும். பிள்ளையின் 18-ஆம் பிறந்தநாளுக்கு அடுத்த வாரம் திருமணம் நடந்தால்கூட, சட்டத்தின் பார்வையில் அவர் அப்பிள்ளைக்கு மாற்றாந்தந்தை ஆகமாட்டார். பிறகு தாய் கிரீன் கார்டு பெற்று, தானே பிள்ளைக்கு மனுச் செய்து, வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்குள் பிள்ளைக்கு 21 வயது கடந்துவிட்டால் அந்த வரிசை பல ஆண்டுகள் நீளும்.

திருமணம் இன்னும் நடக்கவில்லை, பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டது, 21 ஆகவில்லை என்றால் வேறொரு வழி இருக்கிறது. வருங்கால மனைவிக்கான கே-1 விசாவுக்கு விண்ணப்பித்தால், அவருடைய 21 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகள் கே-2 விசாவில் உடன் செல்லலாம். அமெரிக்காவில் நுழைந்த 90 நாட்களுக்குள் தாய், மனுச் செய்தவரையே மணந்துகொள்ள வேண்டும். அதன்பின் தாயும் பிள்ளையும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். 21 வயதுக்கு முன் நுழைந்த கே-2 பிள்ளைக்கு, திருமணத்தின்போது 18 வயது கடந்திருந்தாலும் இந்தத் தகுதி உண்டு என்று அமெரிக்கக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2011-இல் தீர்ப்பளித்தது.

இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தியாவில் எந்த வகைத் திருமணச் சடங்கும் நடத்தக் கூடாது. பதிவு செய்யாதவரை திருமணம் ஆகவில்லை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது, அது தவறு. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்வதோ, மோதிரம் அணிவித்துக்கொள்வதோ, தாலி கட்டுவதோகூடச் செல்லுபடியாகும் திருமணமே. கோயிலில் எளிமையாகத் தாலி கட்டிவிட்டு ‘வருங்கால மனைவி’ என்று விண்ணப்பித்தால் கே-1 மறுக்கப்படும், உண்மையை மறைத்ததாகவும் கருதப்படலாம். நிச்சயதார்த்தப் படங்களைக்கூடக் கவனமாகப் பார்த்தே இணைக்க வேண்டும்.

பிள்ளையின் உண்மையான தந்தை உயிரோடு இருந்தால், பிள்ளையைத் தாயின் பொறுப்பில் விடும் நீதிமன்ற உத்தரவையோ அவருடைய ஒப்புதல் கடிதத்தையோ மனுப் போடும்போதே தயாராக வைத்திருப்பது அவசியம். நேர்காணல் தேதி வந்தபிறகு அதைத் தேடத் தொடங்குவது குடும்பத்துக்குப் பெரும் மனவேதனையைத் தரும்.

21 வயதைப் பொறுத்தவரை சட்டம் சற்று இரக்கமாகவே இருக்கிறது. குடிமகன் தன் பிள்ளைக்கு ஐ-130 மனுச் செய்யும் நாளில் பிள்ளையின் வயது எதுவோ அதுவே கணக்கில் நிலைத்துவிடும். பரிசீலனைக்கு இடையில் 21 கடந்தாலும் பாதகமில்லை. ஆனால் விசா பெற்று அமெரிக்காவில் நுழையும்வரை பிள்ளைக்குத் திருமணம் நடக்கக் கூடாது.

பெயரும் சான்றிதழ்களும்

தமிழர்களுக்கே உரிய சிக்கல் பெயரில் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அவருடைய சொந்தப் பெயர் குடும்பப்பெயராகவும், முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு’ என்ற எழுத்துக்களும் அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதே அதன் பொருள். கிரீன் கார்டு, சமூகப் பாதுகாப்பு எண், பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம் என்று அது தொடர்ந்து வரும். மனுச் செய்வதற்கு முன் பாஸ்போர்ட்டில் தந்தை பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப்பெயராகச் சேர்த்துப் புதுப்பித்துக்கொள்ளும்படி எல்லோருக்கும் வலியுறுத்திச் சொல்வேன். பிறப்புச் சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் அதன் விரிவும் இருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்கான பிரமாணப் பத்திரத்தை இணைக்கலாம்.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் பதிவாகாமல் இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். தமிழில் உள்ள ஒவ்வொரு சான்றுக்கும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் கையொப்பமிட்ட உறுதிமொழியும் வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி, எந்த மதத்தவரின் திருமணமானாலும் 90 நாட்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும். மண்டப ரசீதோ அழைப்பிதழோ சான்றிதழுக்கு ஈடாகாது. ஆயினும் திருமணம் உண்மையானது என்பதை நிறுவ அவை பெரிதும் உதவும். அழைப்பிதழ், இரு குடும்பத்தாரும் உள்ள படங்கள், பயணச்சீட்டுகள், கூட்டு வங்கிக் கணக்கு, பணம் அனுப்பிய பதிவுகள் ஆகியவற்றை ஆண்டு வரிசைப்படி அடுக்கிக் கொடுக்க வேண்டும். பெற்றோர் பார்த்து முடித்த திருமணம் என்பதற்காக யாரும் தயங்க வேண்டியதில்லை.

வருமானமும் வசிப்பிடமும்

மனு ஏற்கப்பட்டதும் கோப்பு அமெரிக்காவின் தேசிய விசா மையத்துக்குச் செல்லும். அங்கே ஒருவருக்கு 325 டாலர் விசாக் கட்டணமும், ஆதரவு உறுதிமொழிக்கு 120 டாலரும் செலுத்தி, டி.எஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவத்தையும் சான்றுகளையும் பதிவேற்ற வேண்டும். இந்தியாவில் வாழும் குடிமக்கள் திணறுவது ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியில்தான். குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ற அமெரிக்க வறுமைக் கோட்டு வருமானத்தில் குறைந்தது 125 விழுக்காட்டை மனுச் செய்தவர் காட்ட வேண்டும். இந்தியச் சம்பளம் இடப்பெயர்வுக்குப் பிறகு நின்றுவிடும் என்றால் அது கணக்கில் சேராது. அப்போது அமெரிக்காவில் வசிக்கும் குடிமகன் அல்லது கிரீன் கார்டுக்காரர் ஒருவர் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்திடலாம். சேமிப்பையும் சொத்தையும் காட்டலாம். குடிமகனின் துணை விஷயத்தில், வருமானத்தில் குறையும் தொகையைப்போல மூன்று மடங்கு மதிப்பு இருந்தால் போதும். கூட்டு ஸ்பான்சராக வரும் உறவினரிடம் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: இது வெறும் சம்பிரதாயக் கையெழுத்து அல்ல, தம்பதி விவாகரத்துச் செய்தாலும் விலகாத சட்டப் பொறுப்பு.

வெளிநாட்டில் வாழும் குடிமகனும், வருமானம் உரிய வரம்பைக் கடந்தால், ஆண்டுதோறும் அமெரிக்க வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடமைப்பட்டவர். விட்டுப்போன ஆண்டுகள் இருந்தால் இந்தக் கட்டத்துக்கு முன் சரிசெய்ய வேண்டும். அவர் அமெரிக்காவில் வசிக்கப்போகிறார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். வேலை வாய்ப்புக் கடிதம், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்கான கடிதப் போக்குவரத்து போன்றவை உதவும். குடும்பத்துக்கு முன்னரே அவர் தனியாகச் சென்று குடியேறியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அவர்களோடு ஒரே விமானத்தில் போகலாம். அவர்களுக்குப் பின்னால் மட்டும் போகக் கூடாது.

நேர்காணலும் அதற்குப் பிறகும்

இந்தியாவில் குடும்ப அடிப்படையிலான குடியேற்ற விசா நேர்காணல் மும்பைத் துணைத் தூதரகத்தில் நடக்கிறது, சென்னையில் நடப்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரின் பரிசோதனையையும், 16 வயது நிரம்பியவர்களுக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் காவல்துறைச் சான்றிதழையும் முன்னதாக முடித்திருக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் சுற்றுலா விசாவில் சென்று அங்கேயே தங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்கக் கூடாது. குடியேறும் நோக்கத்தை மறைத்து நுழைந்ததாக அதிகாரி முடிவுசெய்தால் வாழ்நாள் தடை வரலாம்.

விசா கிடைத்ததும், பயணத்துக்கு முன் 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தைச் செலுத்தினால் கிரீன் கார்டு அமெரிக்க முகவரிக்கு வரும். அதுவரை, நுழைவு முத்திரை பெற்ற விசாவே ஓராண்டுக்கு நிரந்தரக் குடியிருப்புக்குச் சான்று. நுழையும் நாளில் திருமணமாகி 2 ஆண்டுகள் நிறைவடையவில்லை என்றால் கிடைப்பது 2 ஆண்டு நிபந்தனைக் கார்டு. நிறைவடைந்திருந்தால் 10 ஆண்டுக் கார்டு. விசா அச்சானபோது 2 ஆண்டுகள் ஆகாமல் இருந்து, விமானம் இறங்கும்போது ஆகியிருந்தால், திருமணச் சான்றிதழைக் காட்டிப் பிரிவை மாற்றித் தரும்படி நுழைவு அதிகாரியிடமே கேட்க வேண்டும்.

நிபந்தனைக் கார்டு பெற்றவர்கள் அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள், நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 விண்ணப்பத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து அளிக்க வேண்டும். தாய் நுழைந்த அன்றோ அதிலிருந்து 90 நாட்களுக்குள்ளோ நுழைந்த பிள்ளைகளை அவருடைய விண்ணப்பத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். பள்ளித் தேர்வு முடியட்டும் என்று அதற்கும் பின்னால் அழைத்துவரப்பட்ட பிள்ளைக்குத் தனி விண்ணப்பமும் தனிக் கட்டணமும் வேண்டும். ஆகவே மும்பை நேர்காணலை எல்லோருக்கும் ஒரே நாளில் கேட்டுப் பெற முயல்வதும், பிள்ளைகளின் பயணத்தை அந்த 90 நாட்களுக்குள் அமைப்பதும் நல்லது.