கரிக்குள் பொதிந்த நானோதுகள்: டெம் படம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரவள்ளித் திப்பிக்கும் ஏற்காட்டுக் காப்பித் தோலுக்கும் பஞ்சமில்லாத சேலத்தில், அவற்றைக் கருக்கி அந்தக் கரிக்குள் இரும்பு, வெள்ளி போன்ற உலோகங்களின் நானோதுகள்களை வளர்ப்பது ஆய்வு மாணவர்களுக்கு எளிதில் கைவரக்கூடிய தலைப்பு. மூலப்பொருள் சேகோ ஆலை வாசலிலேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் உயர்திறன் டெம் (எலக்ட்ரான் கற்றையை மாதிரியின் ஊடாகச் செலுத்திப் படமெடுக்கும் நுண்ணோக்கி) படத்துக்காக மாதிரியை வெளியூருக்கு அனுப்புவோரே அதிகம். படங்கள் வந்து சேரும்போது, அவை எந்த மின்னழுத்தத்தில், எலக்ட்ரான் கற்றை எவ்வளவு நேரம் பட்ட பிறகு எடுக்கப்பட்டவை என்ற விவரம் பெரும்பாலும் உடன் வருவதில்லை, அதைக் கேட்பவர்களும் குறைவு. கேட்காமல் விடுவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

200 கிலோவோல்ட்டில் துகள் அசையாமல் நின்றது, ஆகவே மாதிரி கெடவில்லை என்று எழுதுவது அடுத்த தவறு. அந்த மின்னழுத்தத்தில் பாயும் ஓர் எலக்ட்ரான் நேருக்கு நேர் மோதினால் தங்க அணுவுக்கு ஏறத்தாழ 2.7 எலக்ட்ரான்வோல்ட், இரும்பு அணுவுக்கு 9.4, கார்பன் அணுவுக்கோ ஏறத்தாழ 44 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலைக் கொடுக்க முடியும். நானோகுழாயின் (கிராஃபைட் அடுக்கு சுருண்டது போன்ற நுண்குழாய்) சுவரிலிருந்து ஒரு கார்பன் அணுவைப் பெயர்க்க 17 எலக்ட்ரான்வோல்ட் அளவில் இருந்தாலே போதும் என்பதால், உலோகம் பத்திரமாக இருக்கும்போதே அதைச் சுற்றியுள்ள கார்பன் ஓடு அணு அணுவாகச் சிதைந்துகொண்டிருக்கும். கனமான துகளில் கண் பதிந்துவிடுவதால் மெல்லிய ஓட்டின் சேதத்தைப் பலரும் கவனிப்பதில்லை.

ஓடு சிதைவதோடு நின்றுவிடுவதும் இல்லை. மாதிரியை 600 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கிக்கொண்டு கற்றையைச் செலுத்தினால், பெயர்ந்த அணுக்கள் விட்டுச்சென்ற வெற்றிடங்களைச் சுற்றிச் சுவர் மீண்டும் பின்னிக்கொண்டு சுருங்கும். சுருங்கும் சுவர் உள்ளே இருப்பதை நெருக்கும். பன்சுவர் நானோகுழாய்க்குள் இருந்த இரும்புக் கார்பைடு இப்படி 40 கிகாபாஸ்கல் வரையிலான அழுத்தத்தில் உருமாறிப் பிதுங்கியதை பான்ஹார்ட் குழுவினர் 2006-இல் காட்டினார்கள். அறை வெப்பநிலையில் சுவர் இவ்வாறு தன்னைச் சீர்செய்துகொள்ளாமல், அடுக்குக் குலைந்து ஒழுங்கற்ற கரியாகவே மாறும். சூடாக்கும் தாங்கியில் எடுத்த படத்தையும் சாதாரணத் தாங்கியில் எடுத்த படத்தையும் ஒரே தராசில் வைத்து ஒப்பிடுவது எவ்வளவு பிழை என்பதை இதிலிருந்தே உணரலாம்.

இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. என் கணிப்பில் நம் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் அதுதான். 1992-இல் ஆய்வாளர் உகார்தே கரிப்புகைத் துகள்களின் மீது கடுமையான கற்றையைச் செலுத்தியபோது, அவை வெங்காயத் தோல்போல ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த கிராஃபைட் ஓடுகளாக மாறின. ஆகவே, திப்பிக் கரியில் இரும்பைச் சுற்றி அழகிய அடுக்குகள் தெரிந்தால், அவை உலையில் விளைந்தவையா, நுண்ணோக்கிக்குள் விளைந்தவையா என்று கேட்டே ஆக வேண்டும். இரும்பு உப்புடன் கருக்கினால் உலையிலும் கிராஃபைட் ஓடு உருவாகும் என்பதால், படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க இயலாது. கற்றை படாத அதே தூளின் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் பதிவில் (படிக அடுக்குகளின் இடைவெளியைக் காட்டும் சோதனை), தாமிரக் கதிருக்கு, 26.5 டிகிரியை ஒட்டிக் கிராஃபைட்டுக்குரிய கூரிய முகடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே உலைக்குப் பெருமை சேர்க்கலாம்.

உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது, திரை மங்காதிருக்கக் கற்றையைக் குவிப்பது வழக்கம். டோஸ், அதாவது மாதிரியின் மீது விழும் எலக்ட்ரான்களின் அளவு, எகிறுவது இங்கேதான். ஒரு நானோ ஆம்பியர் மின்னோட்டத்தை 100 நானோமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் குவித்தால், ஒரு சதுர ஆங்ஸ்ட்ராம் பரப்பில் வினாடிக்கு ஏறத்தாழ 8,000 எலக்ட்ரான்கள் விழும். குவியத்தை ஆய்வுக்குரிய துகளின் மீதே நிமிடக்கணக்கில் சரிசெய்துவிட்டு, பிறகு எடுப்பதை முதல் படம் என்பது பொருந்தாது. குவியத்தைப் பக்கத்து இடத்தில் சரிசெய்துகொண்டு துகளுக்கு நகர வேண்டும். துகள்களின் அளவுப் பரவலைக் கணக்கிடவும் அத்தகைய படங்களே வேண்டும், ஏனெனில் நெடுநேரம் கற்றை பட்டால் சிறு துகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று இணைந்துவிடக்கூடும்.

80 கிலோவோல்ட்டுக்கு இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. கார்பனுக்குக் கிடைக்கும் அதிகபட்ச ஆற்றல் 16 எலக்ட்ரான்வோல்ட் அளவுக்குக் குறைவதால் குறையற்ற சுவர் பெரும்பாலும் தப்பும். ஆனால் துளையின் விளிம்பிலும் உலோகம் தொடும் இடத்திலும் உள்ள அணுக்கள் அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருப்பதில்லை. மேலும், மின்னழுத்தம் குறையக் குறைய அயனியாக்கம் (கற்றை அணுக்களின் எலக்ட்ரான்களைப் பறிப்பது) கூடுவதால், குழாய்க்குள் இருப்பது உலோகமாக இல்லாமல் வெள்ளி குளோரைடு போன்ற உப்பாக இருந்தால் அது இன்னும் விரைவாகச் சிதைந்து உலோக வெள்ளியாகும்.

படத்தில் 0.20 நானோமீட்டர் இடைவெளியுள்ள அணுத்தள வரிகளை ஒரே திசையில் அளந்துவிட்டு இரும்பு என்று பெயரிடுவதும் ஆபத்தானது. ஆல்ஃபா இரும்புக்கும் கிராஃபைட்டுக்கும் 0.203 நானோமீட்டரில் தளங்கள் உண்டு, இரும்புக் கார்பைடும் அதை ஒட்டியே வருகிறது. குறைந்தது இரண்டு திசைகளில் இடைவெளியும் அவற்றின் இடைக்கோணமும் தேவை.

மாதிரியுடன் அனுப்பும் கடிதத்தில், எந்தத் தனிமம் எங்கே உள்ளது என்று காட்டும் தனிம வரைபடத்தைக் கடைசியில் எடுக்கும்படியும், அதற்கு முன்னும் பின்னும் அதே இடத்தை ஒருமுறை படமெடுக்கும்படியும், கோப்புகளை அளவீட்டு விவரங்களுடன் மூல வடிவிலேயே தரும்படியும் எழுதுங்கள். ஆக்சிஜன் பிளாஸ்மாவில் சுத்தம் செய்ய வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது அழுக்கோடு உங்கள் கரியையும் தின்றுவிடும். தூளில் இரும்பு இருப்பதை மறைக்காமல் குறிப்பிடுவது அவசியம், ஏனெனில் சரியாக ஒட்டாத காந்தத் துகள்கள் வில்லையின் காந்த முனையில் போய் ஒட்டிக்கொள்ளும்.