கோல்ஃப் சொற்கள்: அடிக்கணக்கைக் கெடுக்கும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் கோல்ஃப் மட்டை பிடித்தவர்கள் குறைவுதான். ஆனால் ஹோட்டல், கிளப் வேலைக்கென்று கல்ஃபுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் போன உடனே தேவைப்படும். ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் கவடியாரில் ஒன்பது குழி மைதானத்தோடு ஒரு கிளப் இருக்கிறது. இரு தரப்பும் தடுமாறும் இடங்கள் அநேகமாக ஒன்றே.

மைனஸ் என்று பார்த்ததும் ஆள் பின்தங்கிவிட்டார் என்று நினைப்பதுதான் முதல் தவறு. கோல்ஃபில் குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் போட்டு முடித்தவரே முன்னால் இருப்பார். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் அதிதி அசோக் மைனஸ் 15-ல் முடித்து நான்காவது இடம் பெற்றார். வெண்கலம் வென்றவர் மைனஸ் 16. ஒரே ஒரு அடிதான் வித்தியாசம். அந்த மைதானத்தின் பார், அதாவது எல்லாக் குழிகளுக்கும் சேர்த்து நிர்ணயித்த அடிகள், 71. நாலு நாளைக்கு 284 அடி. அதிதி எடுத்தது 269.

பார் என்பது தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை முடிக்க எடுக்க வேண்டிய அடிகள். சராசரி ஆட்டக்காரரின் கணக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு க்ரீன் என்று பெயர். அங்கே உருட்டி அடிக்கும் இரண்டு அடிகளும் பாருக்குள் அடக்கம். ஆகவே பார் 4 என்றால் இரண்டு அடியில் க்ரீனை எட்டி, இரண்டு அடியில் குழியில் போட வேண்டும். பாரைவிட ஒன்று குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், மூன்று குறைந்தால் ஆல்பட்ராஸ். ஒன்று கூடினால் போகி. பேர்டி என்றால் எப்போதும் மூன்று அடி என்று மனப்பாடம் செய்பவர்கள் பார் 5 குழியில் மாட்டிக்கொள்வார்கள். அங்கே பேர்டிக்கு நாலு அடி.

அடிக்கும் எண்ணத்தோடு வீசி, மட்டை பந்தில் படாமல் போனாலும் ஒரு அடிதான். பயிற்சிக்காகச் சும்மா வீசியது கணக்கில் வராது.

ஹேண்டிகேப் கூடினால் பெரிய ஆட்டக்காரர் என்ற எண்ணமும் தப்பு. அது மொத்த அடிகளிலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை, புதியவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். உச்ச வரம்பு 54. மொத்தம் 96 அடித்தவருக்கு அந்த மைதானத்தில் ஹேண்டிகேப் 20 என்றால் நெட், அதாவது கழித்துப் போக மிச்சம், 76.

அதிகம் பேர் அடி இழக்கும் இடம் மைதானத்தில் நட்ட குச்சிகளின் நிறம். வெள்ளைக் குச்சிக்கு அப்பால் போனால் பந்து ஓபி, அதாவது எல்லைக்கு வெளியே. முன்பு அடித்த இடத்திலிருந்தே திரும்ப அடிக்க வேண்டும். முதல் அடி ஒன்று, தண்டனை ஒன்று, அடுத்து அடிப்பது மூன்றாவது. பலரும் அதை இரண்டாவது என்று எழுதிவிடுகிறார்கள். சிவப்பு, மஞ்சள் குச்சிகள் பெனால்டி ஏரியாவை, அதாவது குளம், ஓடை போன்ற இடங்களைக் குறிக்கும். டிவியில் இன்னும் வாட்டர் ஹசார்ட் என்று சொல்வார்கள். 2019 விதிகளில் அந்தப் பெயர் இல்லை. இங்கே பந்து கிடக்கும் இடத்திலேயே அடித்தால் தண்டனை கிடையாது. வெளியே எடுத்தால் ஒரு அடி தண்டனை. சிவப்பு என்றால், பந்து கடைசியாக எல்லையைத் தாண்டிய இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் டிராப் செய்யலாம், அதாவது பந்தைக் கையிலிருந்து கீழே விடலாம். மஞ்சளில் அந்தச் சலுகை இல்லை. டிராப் முழங்கால் உயரத்திலிருந்துதான். தோள் உயரம் பழைய விதி.

புரொவிஷனல், அதாவது தற்காலிகப் பந்து என்பதை அந்தச் சொல்லாலோ வேறு தெளிவான சொற்களாலோ வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். பந்து தொலைந்ததோ, ஓபி போனதோ என்ற சந்தேகத்தில் இன்னொரு பந்தை அடிக்கும்போது “இன்னொன்று அடிக்கிறேன்” என்று மட்டும் முணுமுணுத்தால் போதாது. சொல்லாமல் அடித்தால் இரண்டாவது பந்தே ஆட்டப் பந்தாகிவிடும், முதல் பந்து கண்ணெதிரே கிடைத்தாலும் பயனில்லை. தேடும் நேரம் இப்போது மூன்று நிமிடம்; முன்பு ஐந்து.

மணலில் கிடந்தாலே பங்கர் என்று எண்ண வேண்டாம். கல்ஃப் மைதானங்களில் இயற்கையான பாலைமணல் ஆட்ட எல்லைக்குள்ளேயே கிடக்கும். அங்கே மட்டையைத் தரையில் ஊன்றலாம். மணல் நிரப்பித் தனியே அமைத்த பள்ளம்தான் பங்கர். அதற்குள் பந்துக்கு முன்னோ பின்னோ மணலைத் தொட்டால், அல்லது பயிற்சி வீச்சில் மணல் பட்டால் இரண்டு அடி தண்டனை. சந்தேகம் வந்தால் அடிக்கும் முன் அங்கே இருப்பவரிடம் கேளுங்கள்.

வலக்கைக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைந்தால் ஸ்லைஸ், இடப்பக்கம் வளைந்தால் ஹூக். இடக்கைக்காரருக்கு நேர் எதிர். ஸ்லைஸ் போகிறதே என்று இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்பவர்கள் அதைக் கூட்டிக்கொள்கிறார்கள். மட்டை செல்லும் பாதைக்கு அதன் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், வலப்பக்கம் திறந்திருப்பதுதான் காரணம். இடப்பக்கம் திரும்பத் திரும்பப் பாதை இடப்பக்கம் போகும், முகம் அப்படியே நிற்கும், இடைவெளி கூடும். முதலில் மட்டையைப் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மாதிரி எதிர்க்காற்று அடித்தால் அதே ஸ்லைஸ் இரட்டிப்பாகத் தெரியும்.

தூரத்தைக் கேட்கும்போது கெஜமா மீட்டரா என்று சேர்த்துக் கேளுங்கள். 150 கெஜம் 137 மீட்டர்தான். 150 மீட்டரோ 164 கெஜம். அந்த 14 கெஜ வித்தியாசத்தில் எடுக்க வேண்டிய மட்டையே மாறிவிடும்.

“ஃபோர்!” என்று யாராவது கத்தினால் அது எண் நாலு இல்லை, பந்து ஆட்களை நோக்கி வருகிறது என்ற எச்சரிக்கை. பந்து எங்கே என்று நிமிர்ந்து பார்க்கக் கூடாது. சத்தம் வந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி, குனிந்து, இரு கைகளாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள்.