பிடி2399 டிலே பெடலில் மாடுலேஷன் சேர்ப்பது எப்படி

வீட்டில் கட்டும் கிட்டார் டிலே பெடல்களில் (வாசிப்பதைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாகத் தருபவை) பெரும்பாலும் பிடி2399 ஐசிதான் இருக்கும். அந்த மாதிரி பெடல் ஒன்று உங்களிடம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தால், அதில் மாடுலேஷன் சேர்க்க ஒரு டூயல் ஆப்-ஆம்ப் (இரண்டு ஆம்ப்ளிஃபையர் உள்ள ஒரே ஐசி), இரண்டு பாட் (நாப் வைத்துத் திருப்பும் ரெசிஸ்டர்), கொஞ்சம் ரெசிஸ்டர், கெபாசிட்டர் போதும். எதிரொலியின் சுருதி லேசாக ஏறி இறங்க ஆரம்பிக்கும். பழைய டேப் எக்கோவில் மோட்டார் வேகம் சற்றே ஆடுவதால் வருமே, அந்தக் குணம்.

முதலில் ஐசியின் 6வது பின்னைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் சுலபம். இந்தப் பின் ஏறக்குறைய 2.5 வோல்ட்டில் நிற்கும். இதிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டன்ஸ் (உங்கள் டைம் பாட்) வழியாக எவ்வளவு கரண்ட் ஓடுகிறதோ, அதுதான் உள்ளே இருக்கும் கிளாக்கின் வேகத்தை முடிவு செய்கிறது. கரண்ட் கூடினால் கிளாக் வேகமாகும், டிலே குறையும். 27.6 கே (கிலோ ஓம்) இருந்தால் டிலே சுமார் 342 மில்லிசெகண்ட். ஆக, நாம் செய்யப்போவது இந்தக் கரண்டைக் கொஞ்சமாக ஆட்டிவிடுவது, அவ்வளவுதான். வோல்டேஜை ஆட்டவில்லை என்பதால், வேலை முடிந்த பிறகு மல்டிமீட்டரை 6வது பின்னில் வைத்துப் பார்த்து "முள் அசையவே இல்லையே" என்று பயப்பட வேண்டாம், அது அசையாது.

ஆட்டுவதற்கு ஒரு எல்எஃப்ஓ, அதாவது மெதுவாக ஏறி இறங்கும் முக்கோண அலை வேண்டும். மேலே சொன்ன டூயல் ஆப்-ஆம்ப்பாக டிஎல்062 போடுங்கள். டிஎல்072-ம் ஓடும், ஆனால் 062 மிகக் குறைந்த கரண்டே எடுக்கும், அதனால் ஒலியில் 'டிக் டிக்' சத்தம் வரும் வாய்ப்பு குறைவு. அதன் 8வது பின்னுக்கு 9 வோல்ட், 4வது பின் கிரவுண்டு. இரண்டு 10 கே ரெசிஸ்டரை 9 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் தொடராகப் போட்டால் நடுப்புள்ளியில் 4.5 வோல்ட் கிடைக்கும், அதிலிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோஃபாரட் ஒன்று. இதை எல்எஃப்ஓவுக்கென்றே தனியாகக் கட்டுங்கள். ஏற்கெனவே ஆடியோவுக்கு இருக்கும் பயாஸ் புள்ளியை (இதே மாதிரி நடு வோல்டேஜ் தரும் இடத்தை) இதற்கும் பயன்படுத்தினால் அலை ஆடியோவுக்குள் கசியும், அப்புறம் அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

டிஎல்062-ன் 3வது பின், 6வது பின் இரண்டையும் அந்த 4.5 வோல்ட்டில் இணையுங்கள். 1க்கும் 2க்கும் நடுவில் 1 மைக்ரோஃபாரட், போலாரிட்டி இல்லாத ஃபிலிம் கெபாசிட்டர். 1லிருந்து 5க்கு 47 கே, 7லிருந்து 5க்கு 100 கே. 7லிருந்து 2க்கு 100 கே ரெசிஸ்டரும் அதோடு தொடராக 1 மெக் (மெகா ஓம்) பாட்டும், இதுதான் வேகம். ஏறக்குறைய 0.5 முதல் 5 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். ரிவர்ஸ் லாக் பாட் கிடைத்தால் அதையே போடுங்கள், லீனியரில் வேகமான பகுதி முழுக்க ஒரு ஓரத்தில் நெருக்கிக்கொள்ளும்.

முக்கோண அலை 1வது பின்னில் வரும். வேகத்தைக் குறைத்து வைத்து அங்கே மீட்டரில் பார்த்தால் சுமார் 3க்கும் 6க்கும் நடுவே எண் ஏறி இறங்கும். அது சரியாக நடக்கிறதா என்று பார்த்த பிறகே டிலே பக்கம் போங்கள்.

இப்போது 100 கே டெப்த் பாட்: ஒரு முனை 1வது பின்னுக்கு, மறு முனை 4.5 வோல்ட்டுக்கு, நடுக்காலிலிருந்து 1 மெக் ரெசிஸ்டர் வழியாக பிடி2399-ன் 6வது பின்னுக்கு. இந்த 1 மெக்கை ஐசிக்குப் பக்கத்திலேயே சால்டர் செய்யுங்கள், நீளமான வயர் அதற்கு முன்னால்தான் வர வேண்டும். எல்எஃப்ஓவின் 9 வோல்ட் லைனில் 100 ஓம், அதற்குப் பின் கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் போடுவதும், அதன் கிரவுண்டைப் பவர் ஜாக்கிலேயே கொண்டுபோய் இணைப்பதும் டிக் சத்தத்தை அடக்கும்.

ஏன் 1 மெக்? டைம் பாட்டும் அதோடு தொடராக இருக்கும் ரெசிஸ்டரும் சேர்ந்து 20 கே இருக்கும்போது 6வது பின்னில் ஓடுவது 125 மைக்ரோஆம்பியர். 1 மெக் வழியாக வரும் ஆட்டம் அதில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். கேட்க அழகாக இருப்பது அந்த அளவுதான், அதற்கு மேல் போனால் கார்டு வாசிக்கும்போது சுருதி விலகியது போலத் தெரியும். ஆனால் டைமைக் குறைக்கும்போது அந்த 125 பல மடங்காகிறது, ஆட்டமோ அதே அளவில் நிற்கிறது, அதனால் குறைந்த டிலேயில் மாடுலேஷன் காணாமல் போகும். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் டிலே நேரத்தில் வைத்து, 470 கே முதல் 1 மெக் வரை மாற்றி மாற்றிக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஃபீட்பேக்கை (எதிரொலி திரும்பத் திரும்ப வரும் அளவை) பூஜ்யத்தில் வைத்து, முதல் கம்பியில் 12வது ஃப்ரெட்டை நீளமாக ஒலிக்கவிட்டால் வித்தியாசம் துல்லியமாகக் கேட்கும்.

இன்னொன்று, இதைப் பலர் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். டிலே 300 மில்லிசெகண்ட், எல்எஃப்ஓவின் ஒரு சுற்றும் அதே 300 (அதாவது 3.3 ஹெர்ட்ஸ்) என்று அமைந்துவிட்டால் ஆட்டம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஐசி ஒலியைப் பதிவதும் திரும்ப வாசிப்பதும் ஒரே கிளாக்கில்தான், பதிந்த கணத்தில் இருந்த வேகமும் வாசிக்கும் கணத்தின் வேகமும் ஒன்றாகிவிட்டால் சுருதி மாற வழியில்லை. வேக நாபைக் கொஞ்சம் திருப்புங்கள், திரும்ப வந்துவிடும்.

கோரஸ் மாதிரி ஒலியும் வேண்டுமென்றால் 1 மெக்குக்கு இணையாக 47 கே ஒன்றை ஒரு சுவிட்ச் மூலம் போடலாம். டைம் பாட்டோடு தொடராக 2.7 கே வைத்து, பாட்டை முழுக்கக் குறைத்தால் டிலே சுமார் 60 மில்லிசெகண்டில் நிற்கும், அங்கே இது நன்றாக விரியும். அந்த 2.7 கேயை விட்டுவிடாதீர்கள், 6வது பின்னில் ரெசிஸ்டன்ஸ் ரொம்பக் குறைவாக இருந்தால் பவர் போடும்போது ஐசி அப்படியே மாட்டிக்கொண்டு வேலை செய்யாமல் நிற்கும். சுவிட்சைத் தட்டும் முன் டைமைக் குறைத்துவிடுங்கள், ஏனென்றால் நீண்ட டிலேயில் இந்த 47 கே தள்ளும் கரண்ட் அங்கே ஓடும் மொத்தக் கரண்டையே விழுங்கிவிடும், கிளாக் படுத்துப்போய் வெறும் கரகரப்புதான் வரும்.