ஒன்பதரை வராத கட்டம்

அம்மம்மாவின் பழைய சீத்தைச் சட்டைகளில் இருந்த மாதிரியே சின்னப் பூப்போட்ட பருத்தித் துணி திருகோணமலைக் கடைத்தெருவில் கிடைத்தது. ஒட்டுத்துணிப் போர்வை தைக்கலாம் என்று 3½ அங்குலச் சதுரங்களாக வெட்டினேன். வரிசைக்கு மூன்றாக 9 சதுரம் சேர்ந்தால் ஒரு கட்டம். தைத்து முடிய 9½ அங்குலம் நிற்க வேண்டும். எனக்கு வந்ததோ 9. மூலைகளும் ஒன்றோடொன்று சேரவில்லை.

துணி சுருங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் வெட்டும் முன்பே கழுவி, உவர்மலை வெயிலில் காயப்போட்ட துணிதானே? அளவுகோலை ஊசியடியில் வைத்துப் பார்த்தேன். தையலுக்குத் துணி ஓரத்தில் கால் அங்குலம் விட வேண்டும்; ஊசியிலிருந்து மெஷின் பாதத்தின் ஓரம் வரை அவ்வளவுதான் என்று நம்பித் தைத்திருக்கிறேன். அது அதைவிட அரைக்கால் (⅛) அங்குலம் கூட. ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கத் துணியும் அவ்வளவு போனால், இரண்டு தையலில் அரை அங்குலம் காலி.

ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, மெஷின் தட்டில் பிளாஸ்டரை நாலைந்து மடிப்பாக ஒட்டினேன். துணியின் ஓரம் அதில் உரசிக்கொண்டே போகும். தைத்த 11 கட்டங்களையும் பிரிக்க இரண்டு இரவு போனது, கண்ணும் போனது. அப்புறம் அயன் பண்ணும்போது அடுத்தடுத்த வரிசைகளின் தையல் மடிப்பை எதிரெதிர்ப் பக்கம் சாய்த்தேன். மூலைகள் தாமாகவே பூட்டிக்கொண்டன.

ஒரு கட்டத்தில் மட்டும் பூ தலைகீழ். சரி, அதைப் பிரிக்கவில்லை.