ஐசியில் (மலேசிய அடையாள அட்டையில்) ஒரு ஜெர்மன் பெயர்: எங்கிருந்து வந்தது, எவ்வளவு அரிது என்று கண்டறியும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் சில கிறிஸ்தவக் குடும்பங்களின் பழைய பத்திரங்களைப் புரட்டினால் சீகன்பால்கு, சுவார்ட்ஸ், ரேனியஸ், பெப்ரீஷியஸ் என்று பெயர்கள் கிடைக்கும். தமிழ்நாட்டில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரிகளின் பெயர்கள் இவை. பேரப்பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் தட்டுவார்கள். ஏதோ ஒரு பக்கம் பொருள் சொல்லும், இன்னொரு பக்கம் குலச்சின்னம் விற்கும், அன்று சாயங்காலமே "நமக்கு ஜெர்மன் ரத்தம் இருக்கிறது" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் செய்தி போய்விடும்.

பொருள் தேடுவது இந்த வேலையில் கடைசிப் படி. பெயர் எந்த வழியாக வீட்டுக்குள் வந்தது, மூலத்தில் எப்படி எழுதப்பட்டது, எந்த ஊரில் வழங்கியது ஆகிய மூன்றும் தெரிந்த பிறகுதான் அகராதியைத் திறக்க வேண்டும். தலைகீழாகப் போனால் ஏதாவது ஒரு அர்த்தம் கிடைத்துவிடும், அதுதான் ஆபத்து.

ரத்தமா, ஞானஸ்நானமா

நம் பத்திரங்களில் குடும்பப் பெயருக்கென்று தனி இடம் கிடையாது. ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி-க்கு (மகள்) பின்னால் வருவது அப்பாவின் பெயர். "தேவதாஸ் ஏ/எல் சுவார்ட்ஸ்" என்று இருந்தால் சுவார்ட்ஸ் என்பது தேவதாஸின் அப்பாவுக்கு வைத்த சொந்தப் பெயர். ஒரு மிஷனரியின் நினைவாக ஞானஸ்நானத்தில் அதை வைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் 1798-இல் தஞ்சாவூரில் இறந்தவர். கடைசிவரை கல்யாணம் செய்யாதவர். ஆக அவர் வழி வந்தவர்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. தாத்தாவுடன் பிறந்த ஆண்களின் பிள்ளைகள் என்ன பெயரைப் பின்னால் போடுகிறார்கள் என்று பாருங்கள். தாத்தாவின் பிள்ளைகள் மட்டும் அந்தப் பெயரைப் போட்டால் அது தாத்தாவின் தனிப்பெயர். தாத்தாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளும் அதே பெயரைப் போட்டால் அது உண்மையிலேயே குடும்பப் பெயர் போலப் புழங்கியிருக்கிறது. அப்போதும் ரத்தம் என்று முடிவு கட்டக்கூடாது. கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானப் பெயரே பிறகு குடும்பப் பெயராக உறைந்திருக்கலாம்.

சபையும் வழி காட்டும். லூதரன் குடும்பம் என்றால் தரங்கம்பாடி, தஞ்சை, திருச்சிப் பக்கம் பாருங்கள். ஆங்கிலிக்கன் என்றால் திருநெல்வேலிப் பக்கம். 1820 முதல் பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸின் பெயர் அங்கேதான் வேர்விட்டது. கத்தோலிக்கக் குடும்பத்தில் இந்த மிஷனரிப் பெயர்கள் இருந்தால், எந்தத் தலைமுறையில் சபை மாறினார்கள் என்று விசாரியுங்கள்.

இன்னொரு வழி இலங்கை. டச்சுக் கம்பெனி ஏராளமான ஜெர்மானியர்களைப் படையிலும் வேலையிலும் வைத்திருந்தது. அவர்களில் பலர் இலங்கையிலேயே தங்கிப் பறங்கியர் குடும்பங்களானார்கள். அப்பா வழியில் இலங்கைப் பறங்கியர் இருந்தால் ஜெர்மன் மூலம் நிஜமாகவே சாத்தியம். 1908-இல் கொழும்பில் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கத்தின் இதழ் இக்குடும்பங்களின் வம்சாவளிகளை வரிசையாக அச்சிட்டிருக்கிறது. வேறெங்கும் போகாமல் முதலில் அங்கே தேடுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

டிஎன்ஏ சோதனைக்குப் பணம் கட்டலாமா என்றால், தாத்தாவின் தாத்தா அளவுக்கு ஐந்தாறு தலைமுறைக்குள் உள்ள கேள்விக்கு அது பயன்படும். சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706-இல். முந்நூறு வருஷம் என்பது பத்துத் தலைமுறைக்கும் மேல்; வழக்கமான சோதனையில் அந்தத் தூரத்துப் பங்கு தெரியாமலே கரைந்துபோயிருக்கும்.

எழுத்தைச் சரிசெய்வது

ஐசியில் உள்ள எழுத்தை அப்படியே ஜெர்மன் தளத்தில் போட்டால் ஒன்றும் வராது. தமிழில் சொன்ன பெயரைத் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி செக்ரோலில் (தொழிலாளர் பேரேட்டில்) எழுதியிருப்பார், பிறப்புப் பத்திரத்தில் இன்னொருவர் வேறு மாதிரி எழுதியிருப்பார். அதனால் கிடைக்கிற எல்லா வடிவங்களையும் ஒரே தாளில் எழுதுங்கள்: பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, கல்லறைக் கல், குடும்ப பைபிளின் முன்தாள், சபையின் ஞானஸ்நானப் பதிவேடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வருஷத்தைக் குறியுங்கள். பொதுவாகப் பழையதுதான் மூலத்துக்குக் கிட்டே இருக்கும், ஆனால் போதகர் எழுதியதைக் கிராணி எழுதியதைவிட நம்பலாம். மிஷனரியின் பெயரை எழுத்துப் பிசகாமல் அறிந்தவர் போதகர்தான்.

சீகன்பால்கு என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழில் ச-வில் தொடங்கி உ-வில் முடிகிறது. ஜெர்மன் மூலத்துக்குப் பத்து எழுத்து: இசட், ஐ, இ, ஜி, இ, என், பி, ஏ, எல், ஜி (Ziegenbalg). முதல் எழுத்தை எஸ் என்று போட்டுத் தேடுகிறவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஜெர்மனில் இசட் என்பது "ட்ஸ்" என்று ஒலிக்கும். சொல்லின் கடைசியில் வரும் ஜி பல இடங்களில் "க்" ஆகிவிடுவதால், பழைய பதிவேடுகளில் ஜி-க்குப் பதில் கே, சி-கே என்றும் முடியலாம், மூன்றையும் தேடுங்கள்.

மற்ற பெயர்களுக்கும் சில மாற்றங்கள் எப்போதும் கைவசம் இருக்கட்டும். ஏ, ஓ, யு எழுத்துகளின் மேல் இரண்டு புள்ளி இருந்தால் ஆங்கிலப் பதிவில் புள்ளியை விட்டுவிடுவார்கள் அல்லது பின்னால் ஒரு இ சேர்ப்பார்கள். பி (B) போலத் தெரியும் ஜெர்மன் எழுத்து (ß) உண்மையில் இரட்டை எஸ். டி-யும் (T) டி-எச்-சும் (TH), சி-யும் கே-யும், எஃப்-பும் வி-யும் 1800-களில்கூட இஷ்டத்துக்கு மாறும். சுவார்ட்ஸ் என்பதை அக்காலத்தில் டி-யோடும் (Schwartz) டி இல்லாமலும் (Schwarz) எழுதினார்கள். டி உள்ள வடிவத்தை மட்டும் எண்ணிவிட்டு "அரிய பெயர்" என்பது தப்புக் கணக்கு.

பெண்களின் பதிவில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய ஜெர்மன் சபைப் பதிவேடுகளில் பெண்ணின் குடும்பப் பெயருக்குப் பின்னால் "இன்" சேர்ப்பது வழக்கம். ம்யூலர் வீட்டுப் பெண் ம்யூலரின். அது பெயரின் பகுதி என்று நினைத்துத் தேடினால் அப்படி ஒரு குடும்பமே கிடைக்காது.

ஊரும் வரைபடமும்

மிஷனரி பெயர் என்றால் ஊரைக் கண்டுபிடிப்பது சுலபம், அவர் பிறந்த ஊர் பதிவாகியிருக்கும். சீகன்பால்கு 1682-இல் பிறந்தது புல்ஸ்னிட்ஸ். சாக்சனியில், டிரெஸ்டனுக்கு வடகிழக்கே உள்ள சிற்றூர், இன்றைக்கு இஞ்சி ரொட்டிக்குப் பேர்போனது. சுவார்ட்ஸ் பிறந்த சோன்னன்பூர்க் இப்போது போலந்தில், ஸ்வோன்ஸ்க் என்ற பெயரில் இருக்கிறது. ரேனியஸ் பிறந்த கிராவ்டென்ட்ஸ் பகுதியும் இன்று போலந்துதான்.

அடுத்து, அந்தப் பெயர் அதே வட்டாரத்தில் கூட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மைன்ஸ் அறிவியல் அகாடமி 2012 முதல் நடத்தும் ஜெர்மனிக் குடும்பப் பெயர்களின் டிஜிட்டல் அகராதி இலவசம். நாமன்ஃபோர்ஷுங் டாட் நெட் (namenforschung.net) தளத்தில் இருக்கிறது. பெயர் அங்கே இருந்தால் எண்ணிக்கை, பரவல், மூலம் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். எல்லாப் பெயரும் அதில் இல்லை. இல்லாவிட்டால் ஜியோஜென் போன்ற வரைபடத் தளங்களுக்குப் போங்கள்.

அகராதியின் எண்ணிக்கைக்கு அடிப்படை 2005-ஆம் ஆண்டின் வீட்டுத் தொலைபேசி இணைப்புகள். ஓர் இணைப்பு ஒரு வீடு, ஓர் ஆள் இல்லை. ஆட்கணக்கு வேண்டுமென்றால் இரண்டு முதல் மூன்று மடங்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். வரைபடத்தில் இரண்டு வகை இருக்கும். மொத்த எண்ணிக்கை வரைபடம் எந்தப் பெயரைப் போட்டாலும் பெர்லினையும் ஹம்பர்கையும் கறுப்பாகக் காட்டும், ஏனென்றால் ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகித வரைபடத்தைப் பாருங்கள். அதிலும், ஜனத்தொகை குறைந்த மாவட்டத்தில் மூன்று வீடு இருந்தாலே அடர்ந்த நிறம் வந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் தெரியும் இடத்தை மட்டும் நம்புங்கள்.

கிழக்குப் பகுதிப் பெயர்களுக்கு இந்த வரைபடம் ஏமாற்றும். 1945-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 1.2 கோடி ஜெர்மானியர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வெளியேறினார்கள், வெளியேற்றப்பட்டார்கள். சிலேசியாவில் (இன்று பெரும்பாலும் போலந்து) மட்டும் இருந்த பெயர் 2005-இல் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும். அதற்கு மாற்று, முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்கள். காம்ப்ஜென் என்ற ஜெர்மன் கணினி வம்சாவளிச் சங்கத்தின் தன்னார்வலர்கள் சுமார் 85 லட்சம் பதிவுகளைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். வீரரின் பெயரோடு பெரும்பாலும் ஊரும் இருக்கும், ஆக அது 1945-க்கு முந்திய பரவல். மூலம் பழைய கோத்திக் அச்சு. அதில் பி-யும் (B) வி-யும், கே-யும் ஆர்-உம், நீண்ட எஸ்-சும் எஃப்-பும் ஒன்றுபோல இருக்கும். பெயர் வரவில்லை என்றால் இவற்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

உலகப் பரவல் காட்டும் தளங்களில் "இந்தியாவில் இத்தனை பேர், மலேசியாவில் இத்தனை பேர்" என்று வருவதைக் கழித்துவிடுங்கள். அங்கே எண்ணப்படுவது அப்பா பெயர்.

எது அரிது

ஜெர்மனியில் சுமார் 8.5 லட்சம் வெவ்வேறு குடும்பப் பெயர்கள் இருப்பதாகக் கணக்கு. ம்யூலர், ஷ்மிட் போலச் சில பெயர்களில் பெருங்கூட்டம். மிச்சமுள்ளவற்றில் பெரும்பாலானவை சில குடும்பங்களுக்கு மட்டும் உரியவை. அரிதாக இருப்பதுதான் அங்கே சாதாரணம், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. தேடுகிறவருக்கு அதில் லாபம் மட்டும் உண்டு: சில டஜன் இணைப்புகள் ஒரே மாவட்டத்தில் குவிந்திருந்தால் ஒன்றிரண்டு கிராமத்தின் பதிவேடுகளைப் பார்த்தால் போதும். அதே அளவு எண்ணிக்கை நாலு மூலையில் சிதறியிருந்தால் வெவ்வேறு இடங்களில் தனித்தனியே முளைத்த பெயராகவோ இடம்பெயர்ந்ததாகவோ இருக்கலாம்.

சில அரிய பெயர்கள் மிகச் சாதாரணப் பெயரின் லத்தீன் வேஷம். 1500-களிலும் 1600-களிலும் படித்தவர்கள் தங்கள் பெயரை லத்தீனாக்கிக்கொண்டார்கள். கொல்லர் என்று பொருள்படும் ஷ்மிட், பெப்ரீஷியஸ் ஆனது, ம்யூலர் மோலிட்டர், நெசவாளியான வேபர் டெக்ஸ்டர். "இயுஸ்" என்று முடிகிற பெயரைப் பார்த்தால் முதலில் இந்தச் சந்தேகம் வர வேண்டும். அத்தகைய பெயருக்கு ஒரே பூர்வீக ஊர் தேடுவது வீண், பல ஊர்களில் பல பாதிரிமார் அதே வேஷத்தைப் போட்டிருப்பார்கள்.

இப்போது பொருள்

பெயரின் பொருளை அந்த வட்டாரத்துப் பேச்சில் தேட வேண்டும். சீகன்பால்கு இரண்டு சொல்: வெள்ளாடு என்னும் "ட்ஸீகே", உரித்த தோல் என்னும் "பால்க்". ஆட்டுத்தோல் வேலை செய்தவருக்கு ஊரார் வைத்த பெயராக இருக்கவே வாய்ப்பு. தெற்கு ஜெர்மனியில் வெள்ளாட்டுக்கு "கைஸ்" என்பார்கள். "ட்ஸீகே" மத்திய ஜெர்மனியின் சொல். ஆக பெயரே தெற்கை விலக்கிவிடுகிறது, புல்ஸ்னிட்ஸ் பிறப்பும் அதோடு ஒத்துப்போகிறது. ஊரும் சொல்லும் இப்படி ஒரே திசையைக் காட்டும்போதுதான் விளக்கத்தை ஏற்கலாம்.

முடிவெழுத்துகளும் உதவும். "ஸென்" என்று முடிந்தால் வடக்கு, டென்மார்க் எல்லைப் பக்கம். "லே" என்றால் தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்வாபியா, "லி" என்றால் சுவிட்சர்லாந்து, "ஹூபர்" என்றால் பவேரியா, ஆஸ்திரியா. "இட்ஸ்", "ஓ" என்று முடிந்தால் பழைய ஸ்லாவியர் குடியிருந்த கிழக்கு. "ஐட்" என்று முடிந்தால் கிழக்குப் பிரஷ்யாவின் லிதுவேனியச் சாயல். வடமேற்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் மட்டும் ஜாக்கிரதை: பண்ணைக்கு மருமகனாகப் போனவர் பண்ணையின் பெயரையே எடுத்துக்கொள்வார். அங்கே பெயர் மாறினாலும் ரத்தம் அதேதான்.

பதிவேடுகளும் கடிதமும்

ஜெர்மன் ரத்த வழி உண்மை என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் இது. ஜெர்மனி முழுவதற்கும் அரசுப் பதிவு 1876 ஜனவரி 1-இல் வந்தது, பிரஷ்யாவில் 1874 அக்டோபரில். அதற்கு முன்னால் பெரும்பாலும் சபைப் பதிவேடுதான். பிறப்புப் பதிவு 110 வருஷம், திருமணம் 80, மரணம் 30 வருஷம் கழித்தே பொதுப் பார்வைக்கு வரும். கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கு மட்ரிகுலா, இலவசம். புரொட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கு ஆர்கியோன், சந்தா கட்ட வேண்டும். சபை எது என்று தெரியாமல் சந்தா கட்டாதீர்கள், முதலில் அந்த ஊர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவேட்டுக் கையெழுத்தில் இ-யும் என்-னும் ஒன்றுபோல இருக்கும்.

மிஷனரி வழிப் பெயருக்கு, ஹாலே நகரின் பிராங்கே அறக்கட்டளை ஆவணக்காப்பகத்தில் தரங்கம்பாடி மிஷன் கடிதங்கள் இருக்கின்றன. தமிழ் ஞானஸ்நானப் பதிவேடுகள் பெரும்பாலும் அந்தந்தச் சபையில் இருக்கும்; லூதரன் என்றால் தமிழ் சுவிசேஷ லூதரன் திருச்சபையின் திருச்சித் தலைமையகத்துக்கு எழுதி, எந்தச் சபை என்று கேட்கலாம். கடிதத்தில் நான்கு விவரம் போதும்: முழுப் பெயர் எல்லா எழுத்து வடிவங்களோடு, தோராயமான பிறந்த வருஷம், ஊர், மலாயாவுக்குக் கப்பலேறிய காலம். குடும்பக் கதையை இரண்டு பக்கம் எழுதினால் பதில் தாமதமாகும்.

தோட்டம் செம்பனைக்கோ வீடமைப்புக்கோ போய்க் கோயில் மூடப்பட்டிருந்தால் அதன் பதிவேடு பட்டணத்துச் சபைக்கு மாறியிருக்கலாம்; போதகரிடம் கேளுங்கள். பார்க்கக் கிடைத்தால் உங்கள் வரியை மட்டும் படமெடுக்காமல் பக்கம் முழுவதையும், பக்க எண்ணோடும் மேலட்டையோடும் எடுங்கள். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களும் சொந்த ஊரும் அதே வரிசையில் இருக்கும், அடுத்த கடிதத்துக்கு அவைதான் தேவைப்படும்.