டிஷ்ஷின் குவியத்தைப் பிடிப்பது எப்படி?

டிஷ்ஷால் சூரிய ஒளியைக் குவித்து வெப்பம் எடுக்கும் ஆய்வுக்கு வரும் மாணவர்கள் முதல் நாளே ரிசீவரை, அதாவது குவிந்த வெப்பத்தை வாங்கும் பாகத்தைப் பற்றித்தான் கேட்பார்கள்: செம்புக் குழாயா, எந்தக் கறுப்பு பெயின்ட் என்று. நான் ஒரு நூலையும் டேப்பையும் கையில் கொடுத்துவிடுவேன்.

வீட்டு மாடியில் இருக்கும் டிடிஎச் டிஷ் வேண்டாம். அதன் குவியம், அதாவது ஒளி வந்து சேரும் புள்ளி, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். கேபிள்காரர் கழற்றிப் போட்ட பழைய வட்ட டிஷ்தான் சரி. விளிம்பின் குறுக்கே நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலிலிருந்து அடிவரை ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் குவியத்தூரம். என் டிஷ் 160 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழம், 64 செ.மீ. வந்தது. ஆரோவில்லின் 15 மீட்டர் சூரியக் கிண்ணத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அது கோளத்தின் துண்டு, அங்கே ஒளி கோடாகத்தான் சேரும்.

உள்ளே பிரதிபலிக்கும் ஃபிலிமைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, வேலை முடியும்வரை போர்வை போட்டு மூடி வையுங்கள். விளிம்பில் ஒரு போல்ட்டை, டிஷ்ஷின் வாய்த் தளத்துக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் நிழல் மறைந்தால் டிஷ் சூரியனை நேராகப் பார்க்கிறது. அப்புறம் போர்வையை எடுத்து, நீளக் கம்பியில் கட்டிய சிமென்ட் பலகையைக் குவியத்தில் பிடியுங்கள். அதில் விழும் ஒளிப் பொட்டை வெல்டிங் கண்ணாடி வழியாக மட்டும் பாருங்கள். டிஷ்ஷுக்கும் குவியத்துக்கும் நடுவே தலையை விடவே கூடாது.

கணக்குப்படி பொட்டு 6 மி.மீ. தான் இருக்க வேண்டும். எனக்கு உள்ளங்கை அகலத்துக்கு விழுந்தது. ஃபிலிம் அரை டிகிரி சாய்ந்தால் ஒளி ஒரு டிகிரி விலகும். அதிலேயே பொட்டு 1.1 செ.மீ. தள்ளிப்போகும். சூரியனும் 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. ஒருமுறை டீ குடிக்கப் போய்விட்டு வந்தேன். அதற்குள் பொட்டு நகர்ந்து வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் வயரின் உறையை உருக்கியிருந்தது.

இனி தண்ணீர்ச் சோதனை. குவியத்தில் வைத்த, கறுப்பு அடித்த பாத்திரத்தில் 5 லிட்டர். 70 டிகிரியில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஆவியோடு போகும் வெப்பம் கணக்கில் வராது. 30லிருந்து 70க்கு வர 15 நிமிடம் ஆனால் சுமார் 930 வாட். அப்போது நேரடிக் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 800 வாட் என்றால், 2 சதுர மீட்டர் டிஷ்ஷுக்குச் செயல்திறன் 58 சதவீதம். கதிர்வீச்சை, சூரியனிலிருந்து நேராக வரும் ஒளியை மட்டும் அளக்கும் பைரீலியோமீட்டரில்தான் அளக்க வேண்டும். சாதாரண மீட்டர் வானத்தில் சிதறிய ஒளியையும் சேர்த்துக் காட்டும், அதை டிஷ் குவிக்காது.

எண் குறைவாக வந்தால், ரிசீவரைத் தொடாதீர்கள். ஃபிலிமின் தூசியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள்.